பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பட்டறை

போன மாதம் ஒருநாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும், எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் வந்து நின்று, "அப்பா, நாளைக்கு சயின்ஸ் ப்ராஜெக்ட் கொடுக்கணும், காற்றாலை மாடல்" என்றாள். வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி கடைக்குப் போனோம். தெர்மாகோல் ஷீட்டும் பசையும் வாங்கலாம் என்று போனால், அங்கே காற்றாலையே தயாராக இருந்தது. காற்றாலை, எரிமலை, சூரியக் குடும்பம், மழைநீர் சேகரிக்கும் வீடு, எல்லாவற்றையும் தெர்மாகோலில் செய்து, கண்ணாடித் தாள் சுற்றி, விலை ஒட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நான்கு பேர் அதே காற்றாலையை வாங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் வாங்கினேன். மறுநாள் அவளுக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண்.

அந்த ஒன்பது மதிப்பெண் என்னைத் தூங்க விடவில்லை. நான் கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை, இரும்பைச் சுழல விட்டுக் கடைகிற பட்டறை, வைத்திருக்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் என்று ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்கிறோம், எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கையால் பொருள் செய்து பிழைக்கிற வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியவில்லை. எட்டு வருடப் பள்ளிப் படிப்பில் யாரும் அவள் கையில் ஒரு கருவியைக் கொடுத்ததில்லை. நானும் கொடுத்ததில்லை.

நான் படித்தது வொகேஷனல், அதாவது மேல்நிலையில் தொழிற்பிரிவு. 1995-ல் பத்தாம் வகுப்பில் எனக்கு ஐந்நூறுக்கு 271, கணக்கில் 41. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டு நடந்தது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள், ஒரு நோட்டில் பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். நானூறுக்கு மேல் வாங்கியவனிடம் ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா என்று கேட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. "உனக்கு வொகேஷனல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள். பொது இயந்திரவியல் என்பது என்ன படிப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. மார்க் குறைந்தால் போகிற இடம் என்று மட்டும் தெரியும்.

அப்பா ஃபவுண்டரியில் மோல்டர். மணலில் அச்சு எடுத்து, உருகிய இரும்பை ஊற்றுகிற வேலை. அவர் முன்னங்கை முழுக்கத் தீப்பொறி பட்ட தழும்புகள் இருக்கும். அன்று சாயங்காலம் வந்து எந்த குரூப் என்று கேட்டார். சொன்னேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "நான் வெந்தது போதும்னுதான்டா உன்னப் பள்ளிக்கூடம் அனுப்புனேன். அங்கயும் உன்னக் கொண்டுபோய்ப் பட்டறையிலயே விட்டுட்டாங்களா?" அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

தமிழ்நாட்டில் தொழிற்கல்வி என்ற சொல்லை யார் எடுத்தாலும் அப்பாவின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. கேள்வி அவருடையது மட்டும் இல்லை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். கிராமத்துப் பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்பது திட்டம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்று கணக்குச் சொன்னார்கள். மக்கள் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. சவரத் தொழிலாளி மகன் சவரம், சலவைத் தொழிலாளி மகன் சலவை, செருப்புத் தைப்பவர் மகன் செருப்பு என்றுதானே இது முடியும் என்று கேட்டார்கள். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் மட்டுமல்ல, காங்கிரஸுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி விலகி காமராஜர் வந்தார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜி அமைச்சரவையில் கல்வியைப் பார்த்த சி. சுப்பிரமணியமே காமராஜர் அமைச்சரவையில் இருந்துகொண்டு அதைத் திரும்பப் பெற்றார்.

அந்த எதிர்ப்பு நூற்றுக்கு நூறு நியாயமானது என்று நினைக்கிறேன். அது நடக்காமல் போயிருந்தால் என் அப்பா ஏழாம் வகுப்புவரைகூடப் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்தக் காயத்திலிருந்து நாம் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இன்னொன்றை விட்டுவிட்டோம். அப்பனுடைய தொழில் பிள்ளையின் தலையில் எழுதப்படக் கூடாது என்பதைப் படித்துக்கொண்டோம். அதோடு சேர்த்து, படித்த பிள்ளையின் கையில் கருவியே இருக்கக் கூடாது என்பதையும் யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டோம். முதலாவது சமூக நீதி. இரண்டாவது, கைவேலை செய்பவனைக் கீழே வைத்துப் பார்க்கும் பழைய புத்தி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது.

சரி, பட்டறைக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளியில் அது கடைசிக் கட்டடத்துக்கும் பின்னால், கழிப்பறையைத் தாண்டி இருந்தது. ஓட்டுக் கூரை. இரண்டு லேத், அதில் ஒன்றுதான் ஓடும். ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு கிரைண்டர், நீளமான மர பெஞ்சில் இரும்பைக் கவ்விப் பிடிக்க ஆறு வைஸ். எங்கள் சார் முதல் நாள் ஆளுக்கு ஓர் இரும்புத் துண்டு கொடுத்தார். ஆறு மில்லிமீட்டர் கனம், ஒழுங்கில்லாமல் அறுத்தது. இதை ஐம்பதுக்கு ஐம்பது சதுரமாக அரத்தால் தேய்த்துக் கொண்டுவர வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்து வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது அழுத்தக் கூடாது. இதைச் சொல்லிவிடலாம், செய்வது வேறு. புதிதாகப் பிடிப்பவன் கை தராசு போல ஆடும். தள்ள ஆரம்பிக்கும்போது பிடியில் இருக்கும் வலது கை அமுங்கும், முடிக்கும்போது முனையில் இருக்கும் இடது கை அமுங்கும், ஆகவே தட்டையாக இருக்க வேண்டிய ஓரம் நடுவில் மேடாகி இரண்டு பக்கமும் சரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. சார், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை எடுத்து ஓரத்தில் வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரியும். "இரும்பப் பாக்காத, வெளிச்சத்தப் பாரு" என்பார். திரும்பத் தேய்ப்போம். மறுபடி தூக்கிப் பார்ப்போம். ஒரு பக்கம் சரியாக வந்தால் அதற்குச் செங்குத்தாக அடுத்த பக்கம் வராது, அது வருவதற்குள் அளவு 49.8-க்குப் போய்விடும், துண்டை வீசிவிட்டுப் புதிது வாங்க வேண்டும். அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. வெளிச்சம் தெரிந்தால் வேலை முடியவில்லை, அதில் அவர் அபிப்பிராயத்துக்கோ என் சமாதானத்துக்கோ இடமில்லை. மார்க்குக்காக வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு, என் வேலை சரியா தப்பா என்று எனக்கே தெரியவந்தது அந்தப் பட்டறையில்தான்.

அப்புறம் லேத். இரண்டாம் பருவத்தில் டேப்பர் டர்னிங் வந்தது. ஒரு முனையில் 40 மில்லிமீட்டர், மறுமுனையில் 30, நடுவே நீளம் 50. இந்தச் சரிவைக் கொண்டுவர டூல் போகும் கோணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். எவ்வளவு? பெரிய விட்டத்தில் சின்ன விட்டத்தைக் கழித்து, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 0.1, அதுதான் அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு. அட்டவணையில் பார்த்தால் 5 டிகிரி 43 நிமிடம். பத்தாம் வகுப்பில் டேன் என்பது எனக்கு மனப்பாடம் செய்ய முடியாமல் போன ஒரு வரி. இங்கே அது டூலைத் தாங்குகிற காம்பவுண்ட் ரெஸ்ட்டில் நான் கையால் திருப்பி வைத்த கோணம். தப்பாக வைத்தால் ஜாப் ஸ்லீவுக்குள் உட்காராமல் ஆடும். வேகமும் அப்படித்தான். 40 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் வெட்ட வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 239 சுற்று, அதற்குக் கிட்டே இருக்கிற கியரைப் போட வேண்டும். விட்டம் பாதியானால் சுற்று இரண்டு மடங்கு. பை என்பது பரீட்சைத் தாளில் இருக்கிற சின்னம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கணக்கில் 41 வாங்கியவன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது நண்பர்களுக்கு முக்கோணவியல் சொல்லிக்கொடுத்தேன்.

இதை எழுதும்போது ஒரு நாள் ஞாபகம் வருகிறது. எங்கள் பட்டறையில் வெர்னியர் காலிபர் இரண்டுதான், ஒன்று கீழே விழுந்து தாடை வளைந்துவிட்டது. சார் என்னை இயற்பியல் ஆய்வகத்துக்கு அனுப்பி ஒன்று வாங்கிவரச் சொன்னார். அங்கே ஃபர்ஸ்ட் குரூப் பையன்கள் வெர்னியர் பரிசோதனைதான் செய்துகொண்டிருந்தார்கள். ஓர் உருளையின் விட்டத்தை ஐந்து இடத்தில் அளந்து, அட்டவணை போட்டு, சராசரி எடுத்து, நோட்டில் எழுதிவிட்டு உருளையைப் பெட்டியில் போட்டார்கள். என்னோடு பத்தாம் வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தவன் கேட்டான், "நீங்க இத வெச்சு என்னடா பண்றீங்க?" ஷாஃப்ட் கடைவோம், அளவு தப்பினால் பேரிங் ஏறாது என்றேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்தான். அவனுக்கு அளப்பது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு, பேரிங்கைச் சூடாக்கினால் ஏன் விரிந்து ஏறுகிறது, உலோகம் எவ்வளவு விரியும், எதனால் விரியும் என்று யாரும் சொல்லவில்லை, அது அவன் புத்தகத்தில் இருந்தது. ஒரே கருவி, ஒரே பள்ளி, நடுவில் ஒரு மைதானம். அந்த மைதானத்தைக் கடந்து அவன் பட்டறைக்கு வரவும் நான் ஆய்வகத்துக்குப் போகவும் ஒரு பீரியட்கூடப் பாடத்திட்டத்தில் இல்லை.

என் ஆதங்கமே இந்த மைதானத்தைப் பற்றித்தான். தொழிற்கல்வி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடுகிறோம். பள்ளிக் கல்வியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதல்லவா கேள்வி? மார்க் குறைந்தவனைத் தள்ளிவிடுகிற பின்கட்டில் வைத்தால் அது பிள்ளைகளைத் தரம் பிரிக்கிற வேலை. எல்லாப் பிள்ளைகளின் கால அட்டவணைக்குள் வைத்தால் அது கல்வி. நம்மிடம் இருந்தது பெரும்பாலும் முதலாவது.

இத்தனைக்கும் இதைச் சரியாக யோசித்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டில் ஆதாரக் கல்வி பேசப்பட்டது, ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழு பாடத்திட்டம் எழுதியது. பாடத்தோடு கூட ஒரு கைத்தொழிலைச் சேர்ப்பது அதன் நோக்கமில்லை. கைத்தொழில் வழியாகவே பாடத்தை நடத்துவது. தக்ளி என்கிற கைக்கதிரில் நூல் நூற்கும்போது எத்தனை சுற்று, எவ்வளவு நீளம், என்ன எடை என்று கணக்கு வரும், பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று புவியியல் வரும், இந்தப் பருத்தி ஏன் மான்செஸ்டருக்குப் போனது என்று வரலாறு வரும். சேவாகிராமில் இதை நடைமுறைப்படுத்திய தாலிமி சங்கத்தின் செயலாளராக இருந்தவர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துத் தமிழர். மனைவி ஆஷாதேவியோடு அங்கேயே வாழ்க்கையைக் கொடுத்தவர். நம் பக்கத்தில் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள்.

அதில் ஒரு பிழையும் இருந்தது. பிள்ளைகள் செய்கிற பொருளை விற்று ஆசிரியர் சம்பளத்துக்கு ஈடுகட்டலாம் என்றார்கள். பிள்ளைகளின் உழைப்பைப் பிழிகிற இடமாகப் பள்ளி மாறிவிடக்கூடும் என்று ஜாகிர் உசேனே எச்சரித்தார். அது சரியான எச்சரிக்கை. பதின்மூன்று வயதுப் பையன் செய்கிற பொருள் விலைபோக வேண்டும் என்று வந்துவிட்டால் அவன் தப்பு செய்ய முடியாது, தப்பு செய்ய முடியாத இடத்தில் படிக்கவும் முடியாது. நான் மூன்று வாரத்தில் நான்கு இரும்புத் துண்டுகளை வீணாக்கினேன். என் பட்டறையில் இன்றைக்கு ஒரு பையன் அப்படி வீணாக்கினால் எனக்குக் கட்டுபடியாகாது. அந்தச் செலவைத் தாங்கத்தான் பள்ளி வேண்டும்.

1964 முதல் 1966 வரை இருந்த கோத்தாரி குழுவும் பணி அனுபவம் எல்லா மாணவருக்கும் கல்வியின் பகுதியாக வேண்டும் என்றது. அப்புறம் 10+2 வந்தது, தமிழ்நாட்டில் 1978-ல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்குள் வந்தபோது தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதே ஆண்டில் தேசிய அளவில் மேல்நிலைக் கல்வியையும் தொழிற்கல்வியையும் ஆராய்ந்த குழுவுக்குத் தலைவர் வேலூர்க்காரரான மால்கம் ஆதிசேஷையா, யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு வந்தவர். பொதுக்கல்விப் பாடத்தையும் தொழில் பாடத்தையும் மாணவர் கலந்து எடுக்கலாம், இரண்டுக்கும் நடுவே சுவர் கூடாது என்பது அந்தக் குழு சொன்னதன் சாரம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எனக்கு அன்றைக்கு ஒரு பீரியட் இயற்பியல் கிடைத்திருந்தால் போதும், அதைத்தான் அவர் சொல்லியிருந்தார்.

பிறகு 1986 கல்விக் கொள்கை. 1990-க்குள் மேல்நிலை மாணவரில் 10 விழுக்காடு, 1995-க்குள் 25 விழுக்காடு தொழிற்கல்விக்கு வர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். 1992-ல் அதைத் திருத்தி இரண்டையும் ஐந்து வருடம் தள்ளி வைத்தார்கள். அதையும் எட்டவில்லை. இலக்கு வைத்தவர்கள் யாரும் தங்கள் பிள்ளை அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள், அங்கேயே அது தோற்றுவிட்டது.

ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தொழிற்பிரிவு ஆசிரியர்கள் பலர் பகுதிநேரமாக எடுக்கப்பட்டு வருடக்கணக்கில் அப்படியே வேலை பார்த்தார்கள், பிறகு முறைப்படுத்தினார்கள். அந்தப் பகுதிநேர வருடங்களை ஓய்வூதியத்துக்குச் சேர்க்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. எங்கள் சார் பன்னிரண்டு வருடம் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், ஆசிரியர் அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி இருந்ததில்லை, பட்டறையில்தான் சாப்பிடுவார். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை அரசு எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். 2024-ல் அது 12,500. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லித்தருகிறவருக்கு நாம் கொடுக்கிற மதிப்பு அவ்வளவு. ஆசிரியரை வாசலில் நிறுத்திவிட்டுப் பாடத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிட முடியாது.

எங்கள் பள்ளியில் சார் ஓய்வு பெற்றதும் அந்தப் பணியிடத்தை நிரப்பவில்லை. பிரிவை மூடிவிட்டார்கள். நிறையப் பள்ளிகளில் இதே கதை. போன வருடம் போய்ப் பார்த்தேன், பட்டறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் லேத் தெரிகிறது.

அந்தப் படிப்பு என்னைக் கைவிடவில்லை. இரண்டு வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேர்ந்தேன். தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு அந்த வழி இருக்கிறது, பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் மேஜை போட்டுப் பெயர் எழுதியவர்கள் இந்த வழிகளில் ஒன்றையும் எங்களிடம் சொல்லவில்லை. என்னோடு படித்த இருபத்தெட்டுப் பேரில் மேலே போனது நான்கு பேர்தான். கதவு இருப்பது தெரியாதவனுக்கு அதுவும் சுவர்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் பட்டறைக்கு வேலை கேட்டு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல மதிப்பெண். டிராயிங் கொடுத்தால் படிப்பார்கள். ஆனால் இந்த ஓரத்தை எப்படிப் பிடித்துக் கடைவாய், லேத்தில் இரும்பைப் பிடிக்கிற சக்கில் எந்தப் பக்கத்தை முதலில் கட்டுவாய் என்று கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். ஒரு பையன் நேராகவே சொன்னான், "சார், நான் கையால எதையும் செஞ்சதே இல்லீங்க." அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பதினாறு வருடம் அவனைப் படிக்க வைத்தவர்கள் எல்லோர் மேலும் வந்தது. இதே ஊரில் ஜி.டி. நாயுடு 1945-ல் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஆரம்பித்தவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். நான்கு வருடப் பொறியியல் படிப்பில் பாதி வீண், இரண்டு வருடம் போதும் என்று வாதாடி, அது நடக்காமல் போகவே விலகினார். படிப்பைக் குறைக்கச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை, எனக்குக் கிடைக்காமல் போனது அந்தப் பாதிதான். ஆனால் கருவியைத் தொடாமல் பொறியாளன் ஆக முடியாது என்பதை எண்பது வருடம் கழித்து என் பட்டறை வாசலில் நின்றுகொண்டு ஒத்துக்கொள்கிறேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொழிற்பிரிவுக்குள்ளேயே இன்னொரு சுவர் இருந்தது. நெசவியல், ஆடை வடிவமைப்பு, செவிலியம் என்றால் பெண்கள், இயந்திரவியல், மின்சாரம், ஆட்டோமொபைல் என்றால் ஆண்கள். எங்கள் இரண்டு வருடத்தில் ஒரு பெண்கூடப் பட்டறைக்குள் வந்ததில்லை, எங்களில் ஒருவன்கூடத் தையல் மெஷினில் உட்கார்ந்ததில்லை. அப்பன் தொழில் பிள்ளைக்கு என்பதை எதிர்த்தோம், அம்மா வேலை மகளுக்கு என்பதை அரசே பாடப்பிரிவாக வைத்திருந்ததை யாரும் எதிர்க்கவில்லை.

இப்போது 2020 தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் அறிமுகம், பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் உள்ளூர்க் கைவினைஞரிடம் போய்ப் பார்ப்பது, 2025-க்குள் பாதி மாணவருக்காவது தொழிற்கல்வி அனுபவம் என்று சொல்கிறது. தமிழ்நாட்டில் இதைக் குலக்கல்வியின் மறுவடிவம் என்கிறார்கள். 2023-ல் வந்த விஸ்வகர்மா திட்டத்திலும் இதே பேச்சு எழுந்தது. குடும்பப் பாரம்பரியமாகத் தொழில் செய்பவருக்குப் பதினெட்டு வயதிலேயே கடன் உதவி என்றால், கல்லூரி போக வேண்டிய பிள்ளை அப்பன் தொழிலில் உட்கார்ந்துவிடுவான், வயதை 35 ஆக்குங்கள் என்று மாநில அரசு கேட்டது. கிடைக்கவில்லை. அந்த வயது வரம்பை வைத்து மாநிலம் தனியாகக் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஆக்கியிருக்கும்போது, உள்ளூர்த் தொழில் என்று பள்ளியே சொல்ல ஆரம்பித்தால் அது யார் பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும் என்று எங்களுக்குத் தெரியும். பானை செய்யும் ஊரில் பானை, நெசவு ஊரில் நெசவு என்று ஆகிவிடும். நகரத்துப் பெரிய பள்ளியில் அதே பீரியடில் ரோபோ செய்வார்கள்.

அதனால் நான் கேட்பது வேறு. ஆறிலிருந்து பத்து வரை எல்லாப் பிள்ளைக்கும், அரசுப் பள்ளி, மெட்ரிக், சி.பி.எஸ்.இ. எதுவாக இருந்தாலும், வாரத்துக்கு இரண்டு பீரியட் பட்டறை. எல்லோருக்கும் எல்லாம். நெசவாளர் பிள்ளை மின்சாரம் படிக்கட்டும், டாக்டர் பிள்ளை மண்வெட்டி பிடிக்கட்டும், பையன் தைக்கட்டும், பெண் இரும்பைத் தேய்க்கட்டும். தன் வீட்டில் இல்லாத வேலையை முதலில் கற்கட்டும், நான் இதைப் பிடிவாதமாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு வரை இதை வைத்து யாரையும் எந்தப் பிரிவுக்கும் தள்ளக் கூடாது, மார்க்கும் போட வேண்டாம், மூலைமட்டம் போதும். மேல்நிலையில் தொழிற்பிரிவு எடுப்பவர் கணக்கும் இயற்பியலும் படிக்க வழி இருக்க வேண்டும், கணக்கும் இயற்பியலும் எடுப்பவர் ஒரு தொழிலைக் கற்க வழி இருக்க வேண்டும். அப்புறம் சொல்லித்தருபவர் நிரந்தர ஆசிரியராக, ஆசிரியர் அறையில் நாற்காலியோடு இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து நவீன இயந்திரங்களோடு மாற்றி அமைக்க ஏறக்குறைய 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்ட மாநிலம் இது. அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன், ஐ.டி.ஐ. வேறு பள்ளி வேறு என்றும் தெரியும். ஆனால் ஒரு பள்ளிக்கு ஆறு வைஸ், இருபது அரம், நான்கு மூலைமட்டம், ஒரு தையல் மெஷின், கொஞ்சம் வயர், ஒரு காய்கறிப் பாத்தி. இது ரோபோ ஆய்வகத்தின் விலை இல்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. பட்டறை ஆரம்பித்த நாள் வந்து, லேத்தை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "நீயா புடிச்சு வந்த எடம்னா சரி" என்றார். அவர் எதற்குக் கோபப்பட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. பட்டறை என்பதற்காக அவர் கோபப்படவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை என்பதற்காக.

மகளின் பள்ளியில் பேசினேன். தலைமையாசிரியர் அம்மா முதலில் தயங்கினார், நான்கு பெற்றோர் சேர்ந்து போனதும் ஒத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர், ஐந்து பையன்கள், ஐந்து பெண்கள், காலையில் இரண்டு மணி நேரம் என் பட்டறைக்கு வருகிறார்கள். ஒரு ஆசிரியரும் கூட இருப்பார். அந்த நேரத்தில் லேத் ஓடாது, மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவேன், அரமும் வைஸும் மட்டும்தான். ஐம்பதுக்கு ஐம்பதாகத் தேய்த்துக் கொண்டுவர நாற்பது துண்டுகள் அறுத்து வைத்திருக்கிறேன், எப்படியும் முப்பது வீணாகும். ஒரே ஒரு சிக்கல், வைஸின் மேல்முனை நிற்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் வலிக்கும், அரமும் நேராகப் போகாது. என் பெஞ்ச் பெரிய ஆட்களுக்குப் போட்டது. மகளை நிறுத்தி அளந்து பார்த்தேன், ஆறு அங்குலம் குறைகிறது. ஆசாரியிடம் காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள ஐந்து பலகை சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார்.